பால்மரத்திலிருந்து சாகா வரை

பேரா மாநிலத்தின் வரைபடத்தை எடுத்து, வடக்கே கோலகங்சாரில் ஒரு விரலையும் தெற்கே தஞ்சோங் மாலிமில் ஒரு விரலையும் வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் இடையே 200 கிலோமீட்டர்கூட இல்லை. கோலகங்சாரில் ஒரு பழைய ரப்பர் மரம் நிற்கிறது. 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த 22 நாற்றுகளில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அன்று பேரா ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. அந்த முதல் நடவின் மிச்சம்தான் இந்த மரம். தஞ்சோங் மாலிமில் இருப்பது புரோட்டோன் கார் ஆலை. 2004-ல் சந்தைக்கு வந்த ஜென்-2 கார் அங்கேதான் உருவானது.

டயருக்குப் பால் தந்த மரமும், டயர் மாட்டப்படும் காரும் ஒரே மாநிலத்தில். இந்த இரண்டு விரல்களுக்கும் நடுவே நம்மவர்களின் மூன்று நான்கு தலைமுறை வாழ்க்கை கிடக்கிறது. கார்களைப் பற்றி எழுத உட்கார்ந்த எனக்கு, எங்கே சுற்றினாலும் வண்டி கடைசியில் தோட்டத்து மண் சாலையில்தான் போய் நின்றது.

நான் வானொலி அறிவிப்பாளர். ஒரு நாள் காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம், “உங்கள் கனவுக் கார் எது?” என்று கேட்டேன். முதல் இரண்டு அழைப்புகள் எதிர்பார்த்தபடியே வந்தன. ஒருவருக்கு மெர்சிடிஸ், இன்னொருவருக்கு மஸ்டாங். மூன்றாவதாகத் தெலுக் இந்தானிலிருந்து ஓர் அக்கா பேசினார். “கனவுல வர்ற காரைச் சொல்லலாமா? எங்கப்பாவோட டட்சன் 120ஒய். மஞ்சக் கலரு. இப்பவும் கனவுல அதுலதான் பள்ளிக்கூடம் போறேன்” என்றார். அதற்குப் பிறகு மெர்சிடிஸ் பற்றி யாரும் பேசவில்லை.

பீடோரிலிருந்து பேசிய பெரியவர் தோட்டத்து லோரி ஓட்டியவர். இரவில் பிரசவ வலி எடுத்தால் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்களாம். “ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே என் லோரியில ரெண்டு பிள்ளைங்க பொறந்திருக்கு. ரெண்டும் இப்ப சொந்தக் கார் வச்சிருக்கு” என்று சிரித்தார். கம்பாரிலிருந்து ஓர் ஆசிரியர், ஒரே ஹோண்டா கப்சாயில் அப்பா, அம்மா, தம்பி, தான் என நால்வர் போன காலத்தைச் சொன்னார். பிறகு வீட்டுக்கு ஒரு கஞ்சில் வந்தது. “மழையில நனையாம கோயிலுக்குப் போன முதல் நாள் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு” என்றார். வெளியூர் டெக்சியாக ஓடிய பழைய டீசல் மெர்சிடிஸில், முன்பின் தெரியாத மூவரோடு ஈப்போவுக்குப் பெண் பார்க்க வந்த கதையை ஒருவர் சொன்னார்.

அன்று பேசியவர்களில் ஒருவர்கூட வண்டி எத்தனை வேகம் போகும் என்று சொல்லவில்லை. யார் யார் ஏறினார்கள், எங்கே போனோம், அன்று மழையா வெயிலா என்பதைத்தான் சொன்னார்கள்.

சிலிபின் பட்டறையில் ஒரு சனிக்கிழமை

வேகத்தைப் பற்றிப் பேசுகிறவர்களும் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்க ஈப்போ சிலிபினில் உள்ள ஒரு பட்டறைக்கு ஒரு சனிக்கிழமை மதியம் போனேன். நம் பையன்கள் ஏழெட்டுப் பேர், திறந்த பானெட்டுகளுக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றார்கள். தேநீர் வந்தது. கேள்வி கேட்கக் காத்திருந்தவர்கள்போலப் பேசினார்கள்.

மலேசியக் கார் பிரியர்களின் உலகம் தனி. பணக்காரன் ஃபெராரி வாங்குகிறான். நம் பையன் தன்னிடம் இருக்கும் காரைக் கனவுக் காராக மாற்றுகிறான். புரோட்டோன் வீரா 1993-ல் வந்தபோது அதன் உடல் மிட்சுபிஷி லான்சருடையது. அதே லான்சரிலிருந்து பிறந்ததுதான் பந்தயப் புகழ் பெற்ற எவல்யூஷன் 3. ஆகவே எவல்யூஷன் பம்பரையும் பின் இறக்கையையும் வீராவுக்கு மாட்டிவிடலாம். எஞ்சினுக்கு இருக்கவே இருக்கிறது ‘ஹாஃப்-கட்’. ஜப்பானில் ஓடி முடித்த காரைப் பாதியாக அறுத்து, முன்பாதியை எஞ்சினோடு கப்பலில் கொண்டுவந்து விற்பார்கள். 1994-ல் வந்த பெரோடுவா கஞ்சிலுக்கும் இதே வைத்தியம்தான். அது டைஹாட்சு மீராவின் பிள்ளை. 660 சிசி எஞ்சினை எடுத்துவிட்டு ஜப்பான் மீராவின் டர்போ எஞ்சினை வைத்தால், அந்தச் சின்ன வண்டி பெரிய கார்களைத் திரும்பிப் பார்க்க வைக்கும். மாற்றியதை முறைப்படி பதிந்துகொள்ளாவிட்டால் சாலைத் தடுப்பில் என்ன ஆகும் என்பதையும் அவர்களே சொன்னார்கள்.

நான் பெயர்களைப் பற்றிக் கேட்டேன். வானொலிக்காரிக்குச் சொற்கள்மேல் ஒரு கண். வீரா என்றால் வீரன். சத்ரியா என்றால் சத்திரியன். பெர்டானா, நம் ‘பிரதான’த்துக்கு உறவு. புத்ரா, புத்திரன். 1992-ல் வந்த சாகாவுக்கு ஈஸ்வரா என்றே பெயர்! வடமொழியிலிருந்து மலாய்க்குப் போன சொற்கள் கார்களின் முதுகில் ஏறி நம் வீட்டு வாசலுக்கே திரும்பி வந்தன. கஞ்சில் என்பது சருகுமான். மலாய்க் கதைகளில் முதலையை ஏமாற்றி ஆற்றைக் கடக்கும் அதே கெட்டிக்காரப் பிராணி.

எல்லாவற்றுக்கும் மூத்தது சாகா. 1985 ஜூலை 9-ஆம் நாள் அது அறிமுகமானது. ஒரு முன்னாள் ராணுவ வீரர் போட்டியில் அனுப்பிய பெயர் அது. சாகா என்பது ஒரு மரத்தின் சிவப்பு விதை. தமிழில் அதை மஞ்சாடி என்போம். ஒன்றுக்கொன்று எடையில் அதிகம் மாறாது என்பதால் தட்டார்கள் ஒரு காலத்தில் பொன் நிறுக்க அதை வைத்திருந்தார்கள். ஷா ஆலமில் உருவான ஒரு காரின் பெயருக்குள் பழைய பொற்கொல்லரின் தராசு இருக்கிறது என்று நான் சொன்னதும், கையில் கிரீஸோடு நின்ற பையன் ஒருவன், “அக்கா, அப்ப என் கனவுக் காரும் பொன்னுதான்” என்றான்.

அவனுக்கு வயது 24. செமோர்க்காரன். தொழிற்சாலையில் வேலை. மற்றவர்கள் எவல்யூஷன் 3, சத்ரியா ஜிடிஐ என்று பேசிக்கொண்டிருக்க, அவன் மாற்றாத பழைய சாகா ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தான். இறக்கை வேண்டாம், டர்போ வேண்டாம். பிறையும் பதினான்கு முனை நட்சத்திரமும் உள்ள பழைய புரோட்டோன் சின்னம் முன்னால் இருக்க வேண்டும். இருக்கைத் துணிகூட அதே துணியாக இருக்க வேண்டும்.

அப்படி ஒரு வண்டி எங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் நின்றது.

மூவராகப் போனோம்

அப்பாவின் சாகா 1987-ல் பதிவானது. பேரா வண்டி என்பதால் எண் ‘ஏ’ எழுத்தில் தொடங்கும். அப்பா அதை 1993-ல் ஓர் ஆசிரியரிடமிருந்து வாங்கினார். நாங்கள் மூன்று பிள்ளைகளும் பின் இருக்கையில் சண்டை போட்டு வளர்ந்தது அதில்தான். தைப்பூசத்துக்குக் கல்லுமலைக் கோயிலுக்கும், பொங்கலுக்குச் சுங்கை சிப்புட் பாட்டி வீட்டுக்கும் அதுதான் எங்களைக் கொண்டுபோனது. அப்பாவுக்கு இப்போது பார்வை மங்கிவிட்டது. ஓட்டுவதில்லை. வாரம் ஒரு முறை எஞ்சினை மட்டும் போட்டுப் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பார்.

தம்பி வந்து பார்த்தான். கதவை மூடிப் பார்த்தான், திறந்து பார்த்தான். விலையைச் சொன்னான். அப்பா விலையைப் பேசவே இல்லை.

“கொடுத்துடலாம் தம்பி. அதுக்கு முன்னாடி ஒரு தடவை சுங்கை சிப்புட் போயிட்டு வரணும். நீயும் வா. வண்டி எப்படி ஓடுதுன்னு பாத்துக்கலாம்.”

“சரி அங்கிள்.”

ஞாயிறு காலை மூவராகக் கிளம்பினோம். நான் ஓட்ட, அப்பா பக்கத்தில், தம்பி பின்னால். நெடுஞ்சாலையில் போனால் விரைவாகப் போகலாம். அப்பா பழைய சாலையையே கேட்டார். நெடுஞ்சாலை திறக்கப்படும்வரை எல்லாருக்கும் இதுதான் சாலை. தாசேக், செமோர், கந்தான் என்று ஊர்கள் வந்தன. வழியில் சுண்ணாம்புக் குன்றுகள் அருகே வந்து நின்று, விலகிப் போயின. குளிர்சாதனத்தைப் போட்டால் வண்டி மூச்சு வாங்கியது. அணைத்துவிட்டுக் கண்ணாடிகளை இறக்கினோம்.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில், டவன்பி, ஹீவூட் என்று தோட்டங்களின் பெயர்கள் தமிழ்ப்பள்ளிகளின் பெயர்ப் பலகைகளில் இன்றும் இருக்கின்றன. நகரத்தில் வளரும் பிள்ளைகளுக்கு அவை வெறும் பெயர்கள். அப்பாவுக்கு ஒவ்வொன்றும் ஒரு உறவினர் வீடு. எல்ஃபிலில் 1948 ஜூனில் துரை ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த நாளையொட்டித் தொடங்கிய அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் தோட்டத் துரைமார் தங்கள் கார்களுக்கு இரும்புத் தகடு அடித்து ஓட்டினார்கள். அப்பா பிறந்தது அந்தக் காலத்தில்தான்.

அவர் பிறந்த தோட்டத்தில் இப்போது கித்தா மரம் ஒன்றுகூட இல்லை. பாதி செம்பனை, பாதி வீடமைப்பு. லயங்கள் இருந்த இடத்தில் வரிசை வீடுகள். மாரியம்மன் கோயில் மட்டும் இடம் மாறவில்லை. கோயிலுக்கு முன்னால் வண்டியை நிறுத்தினேன். அப்பா இறங்கி, மண் சாலை இருந்த திசையைக் கையால் காட்டினார்.

“விடியறதுக்கு முன்னாடி பெரட்டு. பேர் கூப்பிட்டதும் நெரைக்கு நடக்கணும். அம்மா தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு உளியோட போவாங்க. வெயில் ஏறிட்டா பால் நின்னுடும். அப்பறம் காண்டா வாளியில பாலைத் தூக்கிக்கிட்டு ஸ்டோருக்கு நடக்கணும். எல்லாம் நடைதான்.”

“கார் இருந்துச்சா அங்கிள் தோட்டத்துல?”

“தொரைக்கு லேண்ட் ரோவர். பெரிய கிராணிக்கு ஒரு மோரிஸ் மைனர். நாங்க சின்னப் பிள்ளைங்க, மண்ணுல விழுந்த டயர் அச்சப் பாத்தே எந்த வண்டி போச்சுன்னு சொல்லிடுவோம்.”

தம்பி சிரித்தான். பிறகு குனிந்து சாகாவின் டயரைப் பார்த்தான். நானும் பார்த்தேன்.

பாலைக் கொடுத்தவர்கள் நடந்தார்கள்

டயருக்கும் நமக்கும் உள்ள கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். 1888-ல் ஸ்காட்லாந்துக்காரர் ஜான் டன்லப் காற்று அடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். 1908-ல் அமெரிக்காவில் ஃபோர்டு மாடல் டி கார் வந்தது. கார் பெருகப் பெருக ரப்பருக்குப் பசி எடுத்தது. 1910-ல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. மலாயாவில் காடுகள் அழிந்து தோட்டங்களாயின. கங்காணிகள் தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் போய் ஆள் சேர்த்தார்கள். நம் கொள்ளுத்தாத்தாக்கள் கப்பலேறிய காரணங்களில் உலகத்தின் கார் ஆசையும் ஒன்று.

அந்த ஆசை எவ்வளவு பெரியது என்பதற்கு இரண்டு செய்திகள் போதும். 1922-ல் பிரிட்டிஷார் ரப்பர் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்து விலையைத் தூக்கி நிறுத்தினார்கள். பிறர் ரப்பரை நம்பியிருக்க விரும்பாத ஹென்றி ஃபோர்டு, பிரேசிலின் அமேசான் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற ரப்பர் நகரத்தையே கட்டிப் பார்த்தார். மரங்களை நோய் தின்றது, முயற்சி தோற்றது. அடுத்து, 1942-ல் மலாயா ஜப்பானியர் கைக்குப் போனதும், அமெரிக்காவில் டயர் தேய்வதைக் குறைக்கக் கார்களின் வேகத்தை மணிக்கு 35 மைலுக்கு இறக்கினார்கள். பெட்ரோலுக்குப் பங்கீடு கொண்டுவந்ததிலும் முக்கிய நோக்கம் ரப்பரை மிச்சப்படுத்துவதே. மலாயாத் தோட்டங்களின் பால் வராமல் போனபோது, உலகத்தின் மறுபக்கத்தில் கார்கள் மெதுவாக ஓடின.

அந்தப் பாலை எடுத்தவர்களுக்கு அது தெரியாது. அவர்கள் நெரைக்கு நடந்தார்கள், ஸ்டோருக்கு நடந்தார்கள், கோயில் திருவிழாவுக்கும் நடந்தார்கள்.

கெரான்

கோயில் திண்ணையில் உட்கார்ந்து அப்பா சட்டைப் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். வண்டியின் பதிவு அட்டை. மலாயில் ‘கெரான்’ என்போம். நிலப் பத்திரத்துக்கும் அதே பெயர்தான். வண்டிக்கும் கெரான், நிலத்துக்கும் கெரான்.

“எங்கம்மாவுக்குக் கடைசி வரைக்கும் சிவப்பு அடையாள அட்டைதான்” என்றார் அப்பா. “வீடு தோட்டத்துது. கெணறு தோட்டத்துது. வேலைய விட்டா வீட்ட விடணும். ஒரு காயிதத்துல எங்க குடும்பத்துப் பேர் ‘சொந்தக்காரர்’னு ஏறினது இதுலதான் முதல்ல. வாங்கின அன்னைக்கி இதை எங்கம்மா கையில கொடுத்தேன். படிக்கத் தெரியாது. தடவிப் பாத்தாங்க.”

முப்பது ஆண்டுகளாக அந்தக் காரில் ஏறி இறங்கிய எனக்கு இது அன்றுதான் தெரியும். நேயர்கள் ஏன் பழைய டட்சனையும் கஞ்சிலையும் கனவுக் கார் என்றார்கள் என்பதும் அப்போதுதான் விளங்கியது. நம் குடும்பங்கள் பலவற்றில் முதல் சொத்து நான்கு சக்கரத்தில் வந்தது. நிலம் பிறகு வந்தது, சிலருக்கு வரவே இல்லை.

நிலத்துக்கான கெரானை முதலில் நினைத்தவரும் இந்த ஊர்க்காரரே. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன். 1950-களின் பிற்பகுதியில் ஐரோப்பியக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். தொழிலாளர்கள் நடுத்தெருவுக்கு வந்தார்கள். 1960-ல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டம் தோட்டமாகப் போய், மாதம் 10 வெள்ளி கட்டுங்கள், தோட்டத்தை நாமே வாங்கலாம் என்றார். சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம். சில வெள்ளிகளே தினக்கூலியாகப் பெற்றவர்களுக்குப் பத்து வெள்ளி சின்னப் பணம் இல்லை.

அதை அப்பா சொல்லிக்கொண்டிருந்தபோது தம்பி கேட்டான்: “இப்ப எல்லாரும் கார் லோன்தானே அங்கிள் கட்டுறாங்க?”

உண்மைதான். இன்று கார் கடன் ஒன்பது ஆண்டுவரை கிடைக்கிறது. 24 வயதில் கையெழுத்துப் போட்டால் 33 வயதில் முடியும். அதற்குள் கார் பழசாகி, விலை பாதிக்கும் கீழே போயிருக்கும். நிலம் அப்படி இறங்குவதில்லை. பாட்டி தலைமுறை பத்து வெள்ளியை நிலத்துக்குக் கட்டியது. நாம் சில நூறு வெள்ளியைச் சக்கரத்துக்குக் கட்டுகிறோம். கார் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? பஸ் வராத ஊரில் கார் இல்லாமல் வேலைக்குப் போக முடியாது. எந்தக் கெரானுக்காகக் கட்டுகிறோம் என்று மட்டும் ஒரு தரம் யோசிக்கலாம்.

தம்பி ஏற்கெனவே யோசித்திருந்தான். “அதுக்குத்தான் நான் சாகா தேடுறேன். கைக்காசுல முடிஞ்சிடும், லோன் இல்ல. மாசா மாசம் மிச்சத்த வீட்டுக்குச் சேக்குறேன். செமோர்லயே பாத்து வச்சிருக்கேன், சின்ன வீடுதான்.”

அப்பா அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “அப்ப வண்டி உனக்குத்தான்” என்றார்.

கோலகங்சார் மரம்

அங்கிருந்து கோலகங்சாருக்கு அரை மணி நேரம். அப்பா அந்தப் பழைய மரத்தைப் பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து பால்மரம் சூழ வளர்ந்தவருக்கு ஒரு மரத்தைப் பார்க்கத் தனியாகப் போகத் தோன்றவில்லை. சாலையோரம் நிறுத்தி இறங்கினோம். தடித்த அடிமரம். சுற்றிலும் வேலி, ஓர் அறிவிப்புப் பலகை. சுற்றுலாப் பயணிகள் இருவர் படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள்.

அப்பா மரத்தை ஒரு பால்மரக்காரரின் கண்ணோடு பார்த்தார். எந்தப் பக்கம் கோடு போடலாம், எங்கே பட்டை கெட்டி என்று தம்பிக்குச் சொல்லிக்கொடுத்தார். எல்லாம் தன் அம்மாவிடம் கற்றது. தம்பி மரத்தையும் சாகாவையும் சேர்த்து ஒரு படம் எடுத்தான். திரும்பி வரும்போது வண்டியை அவனே ஓட்டினான். ஈப்போ வரும்வரை அப்பா கியர் மாற்றும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். ஒரு தடவைகூடத் திருத்தவில்லை.

அடுத்த வாரம் பரிசோதனைக்குக் கொண்டுபோய், பெயர் மாற்றம் முடிந்தது. புஸ்பாகோம் வரிசையில் நின்றபோது முன்னால் நின்ற மலாய்க்காரப் பெரியவர் சாகாவைப் பார்த்துத் தன் முதல் காரும் இதுதான் என்றார். பின்னால் நின்ற சீனர் தன்னுடையது சிவப்பு நிறம் என்றார். பெயர் மாறியதும் தம்பி வண்டியை நேராகப் புந்தோங்கில் உள்ள கோயிலுக்குக் கொண்டுபோனான். ஐயர் நான்கு டயர்களின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார். முப்பது ஆண்டுகளுக்கும் மேலான வண்டிக்கு இரண்டாம் முறையாகப் பூசை.

அப்பா பழைய கெரானின் நகலைத் தன் பிறப்புப் பத்திரத்தோடும் பாட்டியின் சிவப்பு அட்டையோடும் ஒரே உறையில் வைத்திருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு முதல் வண்டி இருந்திருக்கும். சைக்கிளாக இருக்கலாம், கப்சாயாக இருக்கலாம், நாலைந்து கை மாறி வந்த டட்சனாக இருக்கலாம். பெரியவர்கள் இருக்கும்போதே அதன் எண்ணைக் கேட்டு எழுதி வையுங்கள். யாரிடமிருந்து வாங்கினார்கள், எவ்வளவு கொடுத்தார்கள், முதலில் யாரை ஏற்றிக்கொண்டு எங்கே போனார்கள் என்றும் கேளுங்கள். பெயர் மறந்தவர்கள்கூட அந்த எண்ணை மறப்பதில்லை. அப்பாவிடம் கேட்டுப் பார்த்தேன். பெரிய கிராணியின் மோரிஸ் மைனர் எண்ணையே சொல்கிறார்.